கரத்தின் தகுதியும் மனிதனின் மதிப்பும்

பொறியியல் உத்தியோகங்களுக்கு ஆள் வேண்டுமென்று வெளிவரும் விளம்பரங்களை வாசிக்குங்கால், இன்ன பிரிவில் பட்டம், முதல் வகுப்பு, நூற்றுக்கு 60 மதிப்பெண், இத்தனை வயதுக்கு மேற்படாமை என்று அவற்றில் காணும் நிபந்தனைகள், ஒரு வேலைக்கு வேண்டிய திறமையைக் குறிப்பதோடு நின்றுவிடாமல், வாசிக்கும் இளைஞனுடைய உள்ளத்தில் அவன் எதற்கு லாயக்கானவன் என்ற தீர்ப்பாகவே இறங்கிவிடுவதைக் காண்கிறோம். 59 வாங்கிய பிள்ளை தலைகவிழ்கிறான். பெற்றோர் ஊராருக்குப் பதில் சொல்லக் கூசுகிறார்கள். ஒரு பதவிக்குரிய தகுதியும் ஒரு மனிதனுடைய மதிப்பும் ஒன்றுதானா என்பது வேலைவாய்ப்பு அலுவலகம் விடைசொல்லக்கூடிய கேள்வியன்று. அது தத்துவ விசாரத்துக்கு உரியது.

பிரம்மத்தை விசாரிக்கத் தகுந்தவன் யார் என்பதைச் சங்கரர் தமது பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முதற்சூத்திரத்திலேயே ஆராய்கிறார். வைதிக கர்மங்களை ஆராய்ந்து முடித்தவன்தான் வரவேண்டும் என்ற முன்நிபந்தனையை மறுத்துவிட்டு, நித்தியத்தையும் அநித்தியத்தையும் பகுத்தறியும் விவேகம், இகபர போகங்களில் பற்றின்மை, மன அடக்கமாகிய சமம், புலனடக்கமாகிய தமம் முதலிய சம்பத்து, மோட்சத்தில் வேட்கை என்னும் நான்கையே அவர் வேண்டுகிறார். இவ்வளவு விசாலமாகத் தொடங்கிய அதே நூல், முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில், சூத்திரனுக்கு வேதாத்தியயனம் இல்லையென்று பிறப்பைக் கொண்டு வாயிலை அடைத்துவிடுகிறது. என் உள்ளம் முந்திய பகுதியோடு நிற்கிறது. பிந்தியதோடு நிற்க அதற்கு இயலவில்லை. ஆத்மா ஒன்றே என்று நிலைநாட்டப் புகுந்த அத்வைத சித்தாந்தம், உபாதியாகிய உடலின் பிறப்பை ஆத்ம வித்தைக்குத் தடையாக்கியது தனக்குத்தானே முரண்பட்டதென்றே கருதுகிறேன். பிறப்பு இருந்த ஆசனத்தில் இன்று மதிப்பெண்ணை அமர்த்தி, அதற்கும் அதே வணக்கத்தைச் செலுத்துகிறோமோ என்பதே என் கவலை.

ஆனால் பரீட்சையும் தகுதியும் வெறும் மாயை, யாரும் எதையும் செய்யலாம் என்று சொல்லிவிடுதல் அத்வைதமாகாது; அது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரில், செருப்புத் தொழிற்சாலையொன்றின் பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டனர். தகட்டின்மேல் தகடாக வைத்து ரிவிட் அடித்த மூட்டினுள்ளே, வெளிக்கண்ணுக்குப் புலப்படாமல் விரிசல் வளர்ந்திருந்தது. அதன் பின்னரே அம்மாநிலம் 1907இல் பாய்லர் விதிகளை இயற்றிற்று. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் நெறிநூலும் தொடர்ந்து வந்தது. இந்தியாவுக்கென 1923இல் ஒரு பாய்லர் சட்டம் ஏற்பட்டது. முகமறியாத மனிதர் பலருடைய உயிர் ஒருவன் செய்யும் மூட்டை நம்பி நிற்கும்போது, அவனைச் சோதித்தறிதல் தர்மமே.

ஆயின் எதைச் சோதிப்பது? திருச்சிராப்பள்ளி போன்ற பாய்லர்த் தொழிலூர்களில் வெல்டர்கள் நன்கறிந்த 6ஜி பரீட்சையைக் கவனிப்போம். குழாயை 45 பாகை சாய்வில் அசையாதபடி பொருத்திவிடுவார்கள். வெல்டர் அதைத் திருப்பக்கூடாது. தானே சுற்றிவந்து, அடிப்புறத்தில் தலைக்குமேல் கைதூக்கியும், பக்கங்களில் கீழிருந்து மேலேறியும், உச்சியில் குனிந்தும் ஒரே இணைப்பை முடிக்கவேண்டும். பிறகு அவ்விணைப்பிலிருந்து பட்டைகளை அறுத்து, இணைப்பின் உட்புற அடியாகிய ரூட் வெளிப்புறம் வருமாறு சிலவற்றையும் மேல்முகம் வெளிப்புறம் வருமாறு சிலவற்றையும் லாடம்போல் வளைப்பார்கள். வளைந்த இடத்தில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பிளவு திறந்தாலும் தேர்ச்சியில்லை. அந்த இரும்பு அவன் குலத்தையோ, அவன் படித்த கல்லூரியையோ விசாரிப்பதில்லை.

தேறியவனுக்குக் கிடைக்கும் சான்றும் அடக்கமானது. இன்ன வெல்டிங் முறையில், இன்ன கனமுள்ள குழாயில், இன்ன நிலையில் இவன் கை சரியாக ஓடிற்று என்பதே அதன் வாசகத்தின் சாரம். அவன் உயர்ந்தவன் என்றோ, தேறாதவன் தாழ்ந்தவன் என்றோ அது பேசுவதில்லை. அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாதிருந்தால் தகுதி காலாவதியாகும் என்பதும் மேற்சொன்ன நெறிநூலின் விதி. பொதுத்துறை நிறுவனங்கள் பல ஆள் எடுக்கப் பார்க்கும் கேட் (GATE) தேர்வின் மதிப்பெண்ணும் மூன்றாண்டுகளே செல்லும். இருபத்தோரு வயதில் எழுதிய பரீட்சையின் வகுப்பை மட்டும், ஆயுள் முழுவதும் ஒருவனுடைய நெற்றியில் ஒட்டிவைப்பது எந்த நியாயம்? வந்துபோகும் தன்மையுடையது எதுவோ அது உபாதியைச் சேர்ந்தது, ஆத்மாவைச் சேர்ந்ததன்று என்று வேதாந்தம் நெடுங்காலமாகக் கூறிவருவதை, பட்டதாரிகள் நிறைந்த நம் வீடுகளைவிட வெல்டிங் பட்டறை நன்றாக உணர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லா வேலைகளிலும் எல்லா இணைப்புகளையும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. பல இடங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றை நம்பிவிடுகிறார்கள். இரவு ஷிப்டில், மேற்பார்வையாளர் அருகில் இல்லாதபோது, எவரும் இனிப் பார்க்கப்போகாத ரூட்டைத் தேய்த்துச் சுத்தஞ்செய்து, குறை கண்ட இடத்தை அரைத்தெடுத்து மறுபடி நிரப்புகிறவனிடம் இருப்பது சிரத்தை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சுவகர்மத்தால் இறைவனை அர்ச்சிப்பதாகச் சொல்வது இத்தகைய வேலையைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சங்கரர் வேண்டிய சமமும் தமமும் இதற்கு அந்நியமானவை அல்ல. இந்தத் தகுதியை எந்த விளம்பரமும் கேட்டுப் பெறமுடியாது. 59 மதிப்பெண்ணைக் காட்டி எந்த நிறுவனமும் இதை ஒருவனுக்கு இல்லையென்று சொல்லவும் முடியாது.