உள்ளிருந்து எழும் அழைப்பு

‘உன் உள்ளம் சொல்வதைக் கேள்’ என்ற அறிவுரை இன்று எங்கும் ஒலிக்கிறது. பாடுபவருக்கும் எழுதுபவருக்கும் மட்டுமின்றி, பார்க்கும் வேலையை விட்டு வேறொன்றைத் தேட நினைக்கும் இளைஞருக்கும் இதுவே உபதேசமாக வழங்கப்படுகிறது. ஆனால் உள்ளம் ஒன்றையா சொல்கிறது? காலையில் விரும்பியதை மாலையில் வெறுப்பது அதன் இயல்பு. அச்சமும் பேசுகிறது, ஆசையும் பேசுகிறது, சோர்வும் பேசுகிறது. இவற்றுள் எந்தக் குரலுக்கு உண்மையாக இருப்பது?

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கும் ஓர் உட்குரல் எழுந்தது. போரும் வேண்டாம், அரசும் வேண்டாம், இரந்து உண்டாவது வாழலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கேட்பதற்குத் துறவின் குரல்போலவே இருந்தது அது. ஸ்ரீகிருஷ்ணர் அதை ஏற்கவில்லை. உறவினர்மீது கொண்ட பற்றும் துயரமுமே துறவின் மொழியில் பேசுகின்றன என்பதை அவர் கண்டார். கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் சுவதர்மத்தைப் பற்றி அவர் கூறுவதை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். ‘சுவ’ என்ற சொல்லுக்கு ‘எனக்குப் பிடித்தது’ என்று பொருள் கொள்வோமானால், அர்ஜுனன் முதலில் சொன்னதே சரியாகிவிடும்!

குலமும் சமூகமும் ஒருவரது கடமையை வகுத்துத் தந்த காலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று ஒவ்வொருவரும் தம் சுவதர்மத்தைத் தாமே தேடிக் கண்டடைய வேண்டியவராக இருக்கிறார். இந்தத் தேடலின் கடினத்தைப் படைப்பாளியின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். ஏனெனில் அவர் எந்தக் குரலைக் கேட்டார் என்பது கண்ணால் காணும் பொருளாக நம்முன் நிற்கிறது. வங்காள ஓவியர் ஜாமினி ராயின் வாழ்வு அதற்குத் தக்கதொரு சான்று.

கைவந்ததைக் கைவிடுதல்

1887-இல் பாங்குரா மாவட்டத்தின் பேலியாதோர் கிராமத்தில் பிறந்தவர் ஜாமினி ராய். பதினாறாம் வயதில் கல்கத்தா அரசு கலைப்பள்ளிக்குச் சென்றார். எண்ணெய் வண்ணத்தைக் கையாள்வது, ஒளியும் நிழலும் கொண்டு உருவத்தின் திரட்சியைக் காட்டுவது, எதிரே அமர்ந்திருப்பவரின் சாயலை அப்படியே திரைச்சீலையில் கொண்டுவருவது ஆகிய ஐரோப்பிய முறைகளில் தேர்ச்சி பெற்றார். உருவப்படம் வரைவது அவரது பிழைப்பாயிற்று.

நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த உருவப்படங்கள் பொய்யானவை என்று யாரும் சொல்ல முடியாது. திறமை உண்மையானது, உழைப்பு உண்மையானது, ஊதியமும் நேர்மையானது. தன் வழியல்லாத வழியில் செல்பவர் திறமையற்றவராகத்தான் இருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பரதர்மத்தையும் ஒருவர் மிக நன்றாகச் செய்ய முடியும். கீதை இதை மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டே பேசுகிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மோசமாகச் செய்யும் ஒன்றை விடுவதற்கு யாரும் அதிகம் தயங்குவதில்லை.

1920-களின் நடுவில், முப்பத்தைந்து வயதைக் கடந்த குடும்பஸ்தராக, ஜாமினி ராய் அந்த வழியிலிருந்து விலகத் தொடங்கினார். கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றி, ‘பட்டுவா’ எனப்படும் மரபு ஓவியர்கள் யாத்திரிகர்களுக்கு வரைந்து விற்ற படங்கள் அவரை ஈர்த்தன. தூரிகையின் ஒரே வீச்சில் ஒரு தோளும் கையும் உருவாகிவிடும் படங்கள் அவை. மலிவான அச்சுப்படங்கள் சந்தையை நிரப்பியதால் அக்கலை மறைந்துகொண்டிருந்த நேரம். எனினும் அவர் காளிகாட்டோடு நின்றுவிடவில்லை. அந்த ஓவியமும் நகரத்தின் ரசனைக்கு வளைந்துவிட்டது என்று கருதி, அதற்கும் பின்னே சென்றார். கிராமத்துப் பட்டுவாக்களின் சுருள் ஓவியங்கள், பொம்மைகள், தம் மாவட்டத்திலேயே உள்ள பிஷ்ணுபூரின் சுடுமண் கோயில்கள் என்று பிள்ளைப்பருவத்து உலகிற்கே அவர் திரும்பினார் எனலாம்.

வரையும் பொருள்களும் மாறின. திரைச்சீலையின் இடத்தைச் சாதாரணத் துணியும் பலகையும் பாயும் பிடித்தன. மண்ணிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் பெற்ற வண்ணங்கள், விளக்குக் கரியின் கறுப்பு, வண்ணம் ஒட்டி நிற்கப் புளியங்கொட்டைப் பசை. ஒளியும் நிழலும் போயின. தடித்த கோடும், தட்டையான வண்ணமும், வாதுமைப்பருப்பு வடிவக் கண்களும் எஞ்சின. சந்தால் பெண்கள், தாயும் சேயும், கிருஷ்ணரும் பலராமரும், பூனை, பின்னாளில் ஏசுநாதர் எனப் பலரும் அந்தக் கண்களோடு வந்தனர்.

யாருடைய கோடு?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஐரோப்பியரின் முறை அவருடையதல்ல என்றால், பட்டுவாக்களின் முறை மட்டும் எப்படி அவருடையதாகும்? அவர் பட்டுவாக் குடியில் பிறந்தவரல்லர். கலைப்பள்ளியில் கற்றவர், நகரத்தில் வாழ்ந்தவர். ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் வாங்கினார் என்று சொல்லலாமே?

‘சொந்தம்’ என்பதை உடைமையாக எண்ணுவதால் எழும் ஆட்சேபம் இது. ரூஸோவின் காலம் முதல் மேலைச் சிந்தனையில் வலுப்பெற்ற கருத்து ஒன்று உண்டு: ஒவ்வொரு மனிதருக்குள்ளும் வேறெவரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது, அதை வெளிப்படுத்துவதே உண்மையான வாழ்வு. கலைஞரின் கையெழுத்து அதற்கு முத்திரையாயிற்று. ஜாமினி ராய் நடந்துகொண்டது இதற்கு மாறாக. அவரது வீடு ஒரு பட்டறைபோல இயங்கியது. புதல்வர்களும் உடனிருந்து வரைந்தனர். ஒரே படம் பலமுறை வரையப்பட்டது. நடுத்தரக் குடும்பமும் வாங்கும்படி விலை குறைவாக வைக்கப்பட்டது. ஒரு படம் தந்தை வரைந்ததா, மகன் வரைந்ததா என்று சேகரிப்பாளர்கள் இன்றும் குழம்புகின்றனர்.

தம் தனித்தன்மையைக் காப்பதே அவரது நோக்கமாக இருந்திருந்தால் இவற்றுள் எதையும் அவர் செய்திருக்க மாட்டார். அவர் ஒரு கோட்டைக் கண்டார். ஓர் எளிமையைக் கண்டார். கண்டதற்கு உண்மையாக இருந்தார். வேதரிஷிகளை மந்திரங்களை இயற்றியவர்கள் என்று சொல்லாமல், மந்திரங்களைக் கண்டவர்கள் என்று நம் மரபு சொல்கிறது. கண்டவர் உடைமை கொண்டாடுவதில்லை; தாம் கண்டதை மாற்றிச் சொல்லாமலிருப்பதே அவரது பொறுப்பு.

ஆயினும் பட்டுவாக்களின் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி மிஞ்சத்தான் செய்கிறது. ஜாமினி ராயின் ஓவியங்கள் 1946-இல் லண்டனிலும் 1953-இல் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1954-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அந்தக் கோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஒருவரது நேர்மை இந்த ஏற்றத்தாழ்வைத் துடைத்துவிடாது.

விலை கொடுப்பவர் யார்?

தத்துவம் பயில்வோர் இத்தகைய இடத்தில் பிரெஞ்சு ஓவியர் பால் கோகனை எடுத்துக்காட்டுவது வழக்கம். பாரிஸ் பங்குச்சந்தையில் பணியாற்றியவர் அவர். 1882-இல் சந்தை சரிந்தபின் முழுநேர ஓவியரானார். டென்மார்க்கைச் சேர்ந்த மனைவியும் ஐந்து பிள்ளைகளும் கோபன்ஹேகனில் இருக்க, 1891-இல் தஹிதித் தீவுக்குக் கப்பலேறினார். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976-இல் இவரைப்போன்ற ஒரு கலைஞரை முன்வைத்து வாதித்தார். அத்தகையவரது முடிவுக்கு நியாயம் கிடைக்குமானால், ஓவியம் வென்றபிறகே கிடைக்கும். வெல்லும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே அறவாழ்விலும் அதிர்ஷ்டத்திற்குப் பங்குண்டு என்பது அவரது வாதம்.

கூர்மையான வாதம்தான். ஆனால் கர்மயோகத்தைக் கற்றவர் இதை அப்படியே ஏற்பது கடினம். அழைப்பின் உண்மையைப் பலனிடம் ஒப்படைத்துவிட்டால், தோற்றுப்போன நூறு கலைஞர்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டிவரும். ஜாமினி ராய் வழி மாறியபோது அவரும் வெற்றியை அறிந்திருக்கவில்லை. வருமானம் குறைந்தது, வீட்டாரும் அந்தச் சுமையைச் சேர்ந்தே சுமந்தனர். அவர்களிடம் அனுமதி கேட்கப்பட்டதா என்று நாம் கேட்கலாம். ஆனால் அவர் அவர்களை விட்டுச் செல்லவில்லை. அழைப்பு வீட்டிற்குள்ளேயே வந்து அமர்ந்தது. பிள்ளைகளின் கையிலும் தூரிகையைக் கொடுத்தது.

அப்படியானால் இல்லத்தை விட்டு வெளியேறிய சித்தார்த்தரை என்ன சொல்வது என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. வெளியேறியவர் தமக்கென எதை வைத்துக்கொண்டார் என்று பார்ப்பதே அங்கு அளவுகோலாக இருக்க முடியும். அந்த அளவுகோலால் அளக்கும்போது கோகனின் கணக்கு வேறாகிவிடுகிறது.

இன்னும் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. தம் பாணியைக் கண்டடைந்தபின் 1972-இல் மறையும்வரை, சுமார் நாற்பது ஆண்டுகள் ஜாமினி ராய் பெரும்பாலும் அதிலேயே வரைந்தார். இரண்டாம் உலகப்போரின்போது கல்கத்தாவில் தங்கிய அயல்நாட்டுப் படைவீரர்களும் வாங்கிச் சென்றனர். தேவை பெருகியது, படங்களும் பெருகின. ஒருகாலத்தில் உள்ளிருந்து எழுந்தது பின்னர் வெறும் பழக்கமாகிவிட்டதா?

திரும்பச் செய்வதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. கோயிலில் நாள்தோறும் அதே மந்திரமும் அதே மலரும்தான். அர்ச்சகரின் மனம் எங்கே இருக்கிறது என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஓவியத்தில் ஓரளவு தெரிகிறது. பிற்காலப் படங்கள் பலவற்றில் கோடு களைத்திருப்பதை அவரை நேசிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே கோடு ஏசுநாதரின் வாழ்வை வரையும்போது மீண்டும் விழித்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கேட்ட அழைப்பை வாழ்நாள் முழுவதற்குமாகச் சேமித்துவைக்க அவராலும் இயலவில்லை. சில காலைகளில் அது வந்தது; சில காலைகளில் கை மட்டுமே வேலை செய்தது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்கீழ், 1976-இல் அவரது ஓவியங்கள் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றை விற்பதற்காக நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. எந்த நடுத்தரக் குடும்பங்களுக்காக அவர் விலையைக் குறைத்து வைத்தாரோ, அவர்களால் இன்று அவற்றுள் ஒன்றை வாங்குவது அரிது.