தாத்தாவின் துப்பாக்கி யாரை நோக்கி நின்றது?

கிள்ளானில் இருக்கும் நண்பன் ஒருவன், பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறான். சேலைகளுக்கு அடியில், துணியில் சுற்றிய, துருப்பிடித்த ஒரு கைத்துப்பாக்கி. "தாத்தாவோடதுடா. ஐ.என்.ஏ.ல இருந்தாருல்ல! பாலிஷ் போட்டு, ஆயுத பூஜைக்குச் சாமி மேடையில வைக்கப் போறேன்" என்று போனில் சொன்னான்.

முதலில் சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1960 ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. 1971-ல் வந்த சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை, கூடவே குறைந்தது 6 பிரம்படி. தொடாதே, உள்ளே தோட்டா இருக்கலாம், தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போகாதே, போலீஸுக்குப் போன் செய் என்றேன். அவனுக்குக் கோபம். "அப்போ தாத்தா பட்ட பாட்டுக்கு என்னதான் மரியாதை?"

நியாயமான கேள்விதான். ஆனால் பழைய துப்பாக்கியை மதிப்பிடத் தெரிந்தவர்கள் எடுத்தவுடன் பாலிஷ் போட மாட்டார்கள். உலோகத்தில் பொறித்த எண், தயாரித்த ஊர், சோதனை முத்திரை இவற்றைத்தான் தேடுவார்கள். உப்புத்தாளால் தேய்த்தால் துருவோடு அந்த அடையாளமும் போய்விடும், விலையும் விழும்.

குடும்பக் கதையையும் நாம் அப்படித்தான் தேய்க்கிறோமோ? மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தது உண்மை. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் ஜான்சி ராணிப் படையில் இருந்தார். ஆனால் சாதாரணச் சிப்பாயின் கையில் இருந்தது ரைஃபிள். கைத்துப்பாக்கி பெரும்பாலும் அதிகாரிகளிடம்தான். 1948 முதல் 1960 வரை, அவசரகாலத்தில், தோட்டத் துரைமாரும் ஆயுதத்தோடுதான் நடமாடினார்கள். அதற்கும் முன்னால், 1941-ல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் ஆட்கள்மேல் ராணுவம் சுட்டது. அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது!

இந்தத் துப்பாக்கி தாத்தா ஏந்தியதா, தாத்தாவை நோக்கி யாரோ ஏந்தியதா? தெரியாமல் எதற்குப் பொட்டு வைப்பது? லாரிக்கும் ஸ்பேனருக்கும் நாம் பொட்டு வைப்பது, அவை சோறு போட்டதால். அதே பெட்டியில் பாட்டியின் பால் வெட்டும் கத்தியும் இருந்ததாம். அதைப் பற்றி அவன் சொன்னது ஒரே ஒரு வரி.

போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டது. தாத்தாவின் தங்கை ஒருவர் இருக்கிறார், வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது, நினைவு மட்டும் தெளிவு. வரும் ஞாயிறு அவரைப் பார்க்க இருவரும் போகிறோம். "கேட்டுட்டா, பாட்டி சொல்ற பதில் நமக்குப் பிடிக்காமப் போனா?" என்கிறான் நண்பன்.