பணயமும் முடிப்பும்

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவோர் சிலர் தமக்கொரு கணக்கு உண்டு என்பர். தோற்றால் அடுத்த முறை இருமடங்கு கட்ட வேண்டும். ஒரு வெற்றி எல்லா நட்டத்தையும் ஈடுசெய்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று. பழைய பந்தய முடிவுகளைக் கொண்டு தாளில் சோதித்தால் அது பலிப்பதுபோலவே தோன்றும். ஆனால் 100 ரூபாயில் தொடங்கியவர் பத்து முறை தொடர்ந்து தோற்றால் இழப்பு 1,02,300 ரூபாய். பதினோராம் முறை 1,02,400 ரூபாய் கட்டி, அதே அளவு வென்றாலும் மிஞ்சுவது 100 ரூபாயே! தாளில் கைப்பொருள் தீர்வதில்லை, மனமும் பதறுவதில்லை.

தருமபுத்திரரும் தோற்கத் தோற்கப் பணயத்தை உயர்த்தினார். செல்வம், நாடு, தம்பியர், தாம், இறுதியில் திரௌபதி.

குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வினா, திறமையா அதிர்ஷ்டமா என்பது. அறத்தின் வினா வேறு: பணயமாக வைக்கும் பொருள் யாருடையது? இல்லாளின் உணவும் குழந்தையின் கல்வியும் அதில் அடங்கியுள்ளன அல்லவா?

சித்தூர்ப் பகுதித் தமிழ் இல்லங்களில் ஏழுமலையானுக்கென மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பர். அதுவும் எடுத்து வைத்த பணமே. ஆனால் கொடுப்பதற்காக வைத்தது. பணயமோ பிறர் இழப்பைப் பெறுவதற்காக வைத்தது. 'வென்றால் பாதி உண்டியலுக்கு' என்று வேண்டுபவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார். திருமணத்துக்காகக் குபேரனிடம் பெற்ற கடனை இன்றும் அடைத்து வருபவர் திருப்பதிப் பெருமாள் என்பது தல மரபு. கடமை தவறாத அப்பெருமானைச் சூதில் பங்காளியாக்குதல் பக்தியாகாது.

சோதிக்க வேண்டியது கணக்கை அன்று, நம் ஆசையை.