எந்தப் பாதை என்று கேட்டவளுக்கு

ஒருநாள் இரவு சித்தி மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, நீ இதெல்லாம் படிச்சவதானே. கார்ட்னேரியனா, அலெக்ஸாண்ட்ரியனா, இல்ல யாரும் வேணாம்னு தனியாவே செஞ்சிக்கலாமா? எது சரியான பாதை?"

அவளுக்கு வயது 20. ஓராண்டாக விக்கா பற்றித் தேடித் தேடி வாசிக்கிறாள். சித்திக்குத் தெரியாது. தெரிந்தால் "சூனியக்காரியா ஆகப்போறியா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அன்று நான் "நல்லா யோசிச்சு முடிவெடும்மா" என்று எதற்கும் உதவாத ஒரு பதிலை அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவள் வயதில் நானும் இதே கேள்வியோடு அலைந்தவள்தான். அப்போது எனக்கும் யாரோ இப்படித்தான் பதில் சொன்னார்கள். அவளுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

விக்காவை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் நமக்கு அவ்வளவு அந்நியர் இல்லை. 1884இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு போர்னியோ. 1911இல் மலாயா வந்தார். ரப்பர் தோட்டங்களில் இருந்தார், பின்னர் ஜொகூரில் சுங்க அதிகாரியானார். நம் கொள்ளுத்தாத்தாக்கள் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அதே காலம், அதே மண். 1936இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு கெரிஸ் முதலான மலாய் ஆயுதங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் சிங்கப்பூரில் வெளிவந்தது. பிறகு அவர் உருவாக்கிய சடங்குகளின் மேடையிலும் ஒரு கத்தி இருக்கிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆசைதான். ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது. இந்த விஷயத்தில் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம் அதுதான்.

இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய சூனியக் குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொன்னார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற நூலை வெளியிட்டார். கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று ரகசியமாக உயிர்பிழைத்து வந்திருக்கிறது என்பதுதான் அதன் வாதம். அங்கிருந்துதான் கிளைகள். கார்ட்னேரியன் மரபில் மூன்று படிகள் உண்டு. ஏற்கெனவே தீட்சை பெற்ற ஒருவர்தான் இன்னொருவருக்குத் தீட்சை தர முடியும். சடங்கு நூலைக் கையால் பிரதி எடுக்க வேண்டும். 1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸ் வழியாக அலெக்ஸாண்ட்ரியன் மரபு வந்தது. கார்ட்னேரியன் மரபை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ரேமண்ட் பக்லண்ட், 1970களில் சீக்ஸ்-விக்கா என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் ஜூஜானா புடாபெஸ்ட் பெண்களுக்கு மட்டுமான டயானிக் வழியை அமைத்தார். ஸ்டார்ஹாக் 1979இல் எழுதிய 'தி ஸ்பைரல் டான்ஸ்', சடங்கையும் அரசியல் போராட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தது. 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம் தனியாகச் செய்பவர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். என் சித்தி மகளைப் போன்றவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

இவற்றில் எது உண்மையான பாதை? பழமையை வைத்துப் பார்த்தால், எதுவுமே தேறாது.

கார்ட்னர் நம்பிய வரலாறு மார்கரெட் மர்ரே 1921இல் எழுதிய நூலிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் கொல்லப்பட்ட சூனியக்காரிகள் ஒரு பழைய மதத்தின் உறுப்பினர்கள் என்றார் மர்ரே. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999இல் எழுதிய நூல், விக்கா 20ஆம் நூற்றாண்டில் பிறந்த சமயம் என்பதைத் தெளிவாகவே காட்டியது. சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று விக்கா வட்டங்களில் பல காலம் சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு சுமார் 40,000 முதல் 60,000 வரை. சிறுமியாக இருந்தபோதே பாட்டி தனக்குத் தீட்சை தந்ததாக, இவர்களில் பலர் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லியிருக்கிறார்கள். அலெக்ஸ் சாண்டர்ஸும் தன் பாட்டியைச் சொன்னார். அந்த வட்டாரத்திலேயே 'பாட்டி கதை' என்பது ஒரு கேலிச்சொல்லாகிவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. ஏமாந்துவிட்டோமே என்ற கோபம். பிறகு கொஞ்சம் நிதானித்துப் பார்த்தேன். ஒரு சமயம் யாரோ உண்டாக்கியது என்பது அதன் குற்றமா? எல்லாச் சடங்கையும் ஒருநாள் யாரோ ஒருவர் முதன்முதலாகச் செய்துதான் இருக்கிறார். உண்டாக்குவது வேறு, உண்டாக்கியதை மறைப்பது வேறு. பக்லண்ட் தன் சீக்ஸ்-விக்காவைத் தானே வடிவமைத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். பழைய சாக்சன் மரபின் நேரடித் தொடர்ச்சி என்று உரிமை கோரவில்லை. நேர்மை என்ற அளவுகோலில் அவர் கார்ட்னரைவிட ஒருபடி மேல். ஆனாலும் அவர் வழிக்குக் கார்ட்னரின் வழிக்குள்ள ஈர்ப்பு வரவில்லை. நாம் உண்மையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு பழமையைத்தான் தேடுகிறோமோ? என் பதில் சங்கடமானது: ஆமாம், நான் அதைத்தான் தேடினேன்.

அடுத்தது, குழுவா தனியா என்ற கேள்வி. தனியாகச் செய்வதில் பெரிய நன்மை சுதந்திரம். பெரிய ஆபத்தும் அதுதான். ஆண்டுச் சக்கரத்தின் எட்டு விழாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பிரிட்டனின் பருவங்களோடு ஒட்டியவை. அக்டோபர் 31 சாம்ஹைன்: அறுவடை முடிந்து, குளிரும் இருட்டும் தொடங்கும் நேரம், இறந்தவர்களை நினைக்கும் நாள். ஆஸ்திரேலியாவில் பலர் இதை ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஜொகூர் பாருவில், அடுக்குமாடி வீட்டில், ஏர்கோன் போட்டுக்கொண்டு நான் சாம்ஹைன் கொண்டாடினேன். வெளியே தீபாவளிக்கு வெடி. எந்தக் குளிர் தொடங்குகிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே யாருமே இல்லை. எனக்குப் பிடித்த தெய்வம், பிடித்த நாள், பிடித்த மூலிகை என்று சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் என் வழிபாட்டில் என் விருப்பம் மட்டும்தான் இருந்தது. அதுவா பாதை? மறுத்துப் பேசாத ஒன்றோடு எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பது?

அதனால் குழுவைத் தேடினேன். இங்கிலாந்தில் படித்த காலத்தில் ஒரு கார்ட்னேரியன் குழுவின் வெளிவட்டத்தில் சில மாதங்கள் போய்வந்தேன். நல்ல மனிதர்கள். தேநீரும் பிஸ்கட்டும் தந்து, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். தீட்சைக்கு முன் ஒரு சத்தியம் உண்டு: உள்ளே காண்பதை வெளியே சொல்லக்கூடாது. "எதைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்றேன்னு முன்னாடியே தெரிஞ்சிக்க முடியாதா?" என்று கேட்டேன். பூசாரியம்மா சிரித்துவிட்டு, தெரிந்துவிட்டால் சத்தியத்துக்கு அங்கே என்ன வேலை என்றார்.

அவர் சொன்னது குதர்க்கம் இல்லை. திருமணம், பிள்ளை பெறுவது, நாடுவிட்டு நாடு போவது எல்லாம் இப்படித்தான். உள்ளே போனபிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது தெரியும். அதற்குள் ஒப்புக்கொண்ட ஆளே மாறியிருப்பாள். முழுதும் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்வேன் என்பவள் எதற்குள்ளும் போக முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. திருமணத்தில் அடி விழுந்தால் நான் வெளியே வந்து சொல்லலாம், சொல்ல வேண்டும். ரகசிய சத்தியம் அந்த வாயைக் கட்டுமா என்பதுதான் என் கேள்வி. சடங்கின் சொற்களை மறைப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஒரு மனிதருக்கு நடந்ததை மறைக்கச் சொன்னால்தான் சிக்கல்.

இந்த இடத்தில் எனக்கு உதவியவர் டோரீன் வேலியன்ட். 1922இல் பிறந்தவர். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். பழைய ரகசியம் என்று தனக்குக் காட்டப்பட்ட நூலில் அலெய்ஸ்டர் க்ரோலியின் வரிகள் இருப்பதை வாசித்ததுமே கண்டுகொண்டார். சொல்லவும் செய்தார். உன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமென்றால் எழுது என்றார் கார்ட்னர். அவர் எழுதினார். இன்று விக்கா சடங்குகளில் மனதைத் தொடும் பல பகுதிகள் அவருடைய கையால் வந்தவை. பொய்யைக் கண்டபிறகும் போகாமல், அங்கேயே இருந்து, பொய்யான இடத்தில் தன் உழைப்பை வைத்தார்.

ஆனால் 1957இல் போனார். கார்ட்னரின் விளம்பர ஆசை குழுவுக்கு ஆபத்து என்று அவரும் சிலரும் எதிர்த்தபோது, திடீரென்று 'பழைய சட்டங்கள்' என்று ஒரு பட்டியல் வந்தது. தலைமைப் பூசாரிக்கு வயதானால் இளையவளுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இவ்வளவு நாள் இந்தச் சட்டம் எங்கே இருந்தது என்ற கேள்வியோடு அவர் வெளியேறினார். பிறகு ராபர்ட் காக்ரேன் என்பவரின் குழுவில் சேர்ந்தார். அவர் சொன்ன பரம்பரையும் கட்டுக்கதை என்று பட்டபோது அங்கிருந்தும் விலகினார். 1980களில், கார்ட்னர் தன் குருவாகச் சொன்ன டோரதி என்ற பெண் கற்பனையே என்று பேச்சு எழுந்தது. கார்ட்னரை விட்டு விலகிய இதே வேலியன்ட்தான் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தேடி, அப்படி ஒரு பெண் இருந்தார் என்று நிறுவினார். விட்டுப்போனவருக்கு எதிராகப் பொய் சொல்லப்பட்டாலும் அது பொய்தான் என்று நினைக்கிற மனம் அது.

இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். நிறுத்த முடியாது. அதே வேலியன்ட், 1970களின் தொடக்கத்தில் சுமார் ஒன்றரை வருடம் நேஷனல் ஃபிரன்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தார். வெள்ளையரல்லாதவர்களைப் பிரிட்டனைவிட்டு அனுப்ப வேண்டும் என்ற கட்சி. பிறகு விலகிவிட்டார், உண்மைதான். ஆனால் அது தெரிந்தபோது நான் அந்த நாட்டில், என் நிறத்தோடு, அவர் எழுதிய சொற்களை ஓதிக்கொண்டிருந்தேன். மூன்று முறை பொய்யான பரம்பரையைக் கண்டுகொண்ட கண், பொய்யான தேசத்தைக் காண ஒன்றரை வருடம் எடுத்திருக்கிறது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதுதான் விக்காவின் அடிப்படை நெறி. அந்த 'யாருக்கும்' என்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எந்த நெறியும் தானாகச் சொல்லித்தராது போல. பெண்களுக்கு மட்டும் என்று தொடங்கிய டயானிக் வழியிலும், திருநங்கைகளைச் சேர்ப்பதா என்று வந்தபோது இதே கேள்விதான் எழுந்தது.

என் பாட்டியும் ஒரு பாட்டி கதைக்குரியவர்தான். தோட்டத்துக் காளியம்மன் கோயிலில் முப்பது வருடம் சாமி ஆடியவர். "நீங்க எப்படி இதைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் எங்கடி தேர்ந்தெடுத்தேன், அது வந்துச்சு" என்றார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். லயத்தில் ஒரு குழந்தைக்கு நாள்கணக்கில் காய்ச்சல். சூனியம் வைத்தது யார் என்று சாமி வாயால் சொல்லும்படி ஆம்பிளைகள் சூழ்ந்து நின்றார்கள். எல்லார் மனதிலும் ஒரே பெயர், புருஷன் இல்லாமல் தனியாக இருந்த ஒருத்தி. பாட்டி ஆடினார், குறி சொன்னார், அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?"

"எனக்கு அவளைத் தெரியுமே."

தேர்ந்தெடுக்காத பாதையில் நின்றுகொண்டு அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு ஆயிரம் பாதைகள் திறந்திருந்தன. அந்த மாதிரி ஒரு இடம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே, தங்கச்சி, எது சரி என்று என்னால் சொல்ல முடியாது. எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். நீ தப்பு செய்தால் 'இது தப்பு' என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா? அவர்கள் தப்பு செய்தால் நீ சொல்ல முடியுமா? சொன்னபிறகும் உன்னோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார்களா? முதல் கேள்வியில் தனி வழி தோற்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பல குழுக்கள் தோற்கும். மூன்றிலும் தேறுகிற இடம் பழையதாக இருந்தாலும் சரி, போன வருடம் தொடங்கியதாக இருந்தாலும் சரி. அந்தப் பதில்கள் ஒரே நாளில் தெரியாது. அதனால்தான் பல குழுக்களில் ஓராண்டும் ஒருநாளும் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதை அவர்கள் உன்னைச் சோதிக்கும் காலம் என்று மட்டும் நினைக்காதே. நீ அவர்களைப் பார்க்கும் காலமும் அதுதான்.

நான் அந்தச் சத்தியத்தைச் செய்யவில்லை. படிப்பு முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். அது தெளிவா பயமா என்று இன்றும் சில இரவுகளில் யோசிக்கிறேன். கூட நின்றிருந்தால் ஒருவேளை எனக்கும் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க வேண்டிய நேரம் வந்திருக்கும். வாராவாரம் ஒரு வட்டத்தில் நிற்பவளுக்குத்தான் அது வரும்; வாசலில் நின்று வாசித்துக்கொண்டிருப்பவளுக்கு வராது.

இதையெல்லாம் சுருக்கி அவளுக்கு ஒரு குரல்பதிவாக அனுப்பினேன். கேட்டுவிட்டு ஒரே வரி பதில் போட்டாள்: "அப்ப பாட்டிகிட்ட நான் ஒருதடவ பேசணும்."

பாட்டி போய் ஆறு வருடமாகிறது. அது அவளுக்கும் தெரியும். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறாள்.