கேள்விக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

தேர்தல் காலத்துத் தொலைக்காட்சி விவாதங்களைக் காணும்போது நம் கண்கள் வேட்பாளர்கள் மீதே பதிந்திருக்கும். யார் தடுமாறினார், யார் யாரை மடக்கினார் என்று கணக்கெடுப்போம். ஆனால் அதே அரங்கில், பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டியபடி, இன்னொருவர் அமர்ந்திருக்கிறார். அவர் எப்பதவிக்கும் போட்டியிடுவதில்லை. யாரிடமும் வாக்குக் கேட்பதில்லை. ஆயினும் முதலில் பேசுபவர் யார், பேசும் பொருள் என்ன, பேச்சை நிறுத்தும் நேரம் எது என்பவற்றையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். அவரை நெறியாளர் என்கிறோம். நெறியை ஆள்பவர் என்று பொருள்படும் அச்சொல் எத்துணைப் பெரிய பொறுப்பை அவர் தோள்மீது ஏற்றிவிடுகிறது!

பதில் சொல்பவர் பொய் சொல்லலாம் என்பதை நாம் அறிவோம். கேள்வியும் பொய் சொல்லக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? குறிப்பாக, அரசியல் மேடையில் பெண் ஒருவர் ஏறி நிற்கும்போது, அவரை நோக்கி வீசப்படும் கேள்விக்குள்ளேயே அவரைப் பற்றிய தீர்ப்பு ஒளிந்திருப்பதுண்டு. இதை ஆராய அமெரிக்க நாட்டின் தேர்தல் விவாதங்கள் நல்ல களமாகும். 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நின்றதில் தொடங்கி வளர்ந்த வழக்கம் அது. அங்கே பேசப்பட்டவை சொல்லுக்குச் சொல் பதிவாகியிருப்பதால், ஆத்திரமின்றி அமர்ந்து எடைபோட முடிகிறது.

1984ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி துணை அதிபர் பதவிக்கு ஜெரால்டின் ஃபெராரோவை நிறுத்தியது. அந்நாட்டின் பெருங்கட்சி ஒன்றின் சார்பில் அப்பதவிக்குப் போட்டியிட்ட முதல் பெண் அவரே. அக்டோபர் 11ஆம் நாள் பிலடெல்பியா நகரில் ஜார்ஜ் புஷ்ஷுடன் அவர் விவாதித்தபோது, கேள்வி கேட்க அமர்ந்திருந்த பத்திரிகையாளர் ஒருவர் அவருடைய இராணுவ அனுபவக் குறைவைச் சுட்டினார். அது நியாயமான கேள்வியே. ஆனால் அத்தோடு அவர் நிற்கவில்லை. நீங்கள் பெண் என்ற ஒரே காரணத்தால் சோவியத் நாட்டினர் உங்களை எளிதில் ஏமாற்ற முயலமாட்டார்களா என்றும் சேர்த்துக் கேட்டார். போரில் சண்டையிட்டிருந்தால்தான் அமைதியை நேசிக்க முடியுமா என்று ஃபெராரோ திருப்பிக் கேட்டார். அதே மாதத்தில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், அணுகுண்டுப் பொத்தானை உங்களால் அழுத்த முடியுமா என்று கேட்கப்பட்டது. பெண்மை என்பது உறுதியின்மை என்னும் முடிவு கேள்விக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அம்முடிவை மறுக்கும் சுமை மட்டுமே அப்பெண்ணிடம் விடப்பட்டது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்தது. 2007 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த விவாதத்தின் முடிவில், ஹிலரி கிளிண்டனிடம் ஒரு கல்லூரி மாணவி, உங்களுக்குப் பிடித்தது வைரமா, முத்தா என்று கேட்டார். அணுக்கழிவைப் புதைப்பதற்கென்று குறிக்கப்பட்டிருந்த யக்கா மலையைப் பற்றிக் கேட்கவே தாம் விரும்பியதாகவும், நிகழ்ச்சி நடத்தியவர்களே இக்கேள்வியைத் தேர்ந்ததாகவும் அம்மாணவி பின்னர் தெரிவித்தார். ஒரு மாநிலத்து மக்களின் அச்சம் ஒதுங்க, அணிகலன் மேடையேறியது! 2008 சனவரி 5ஆம் நாள், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரால் நிறுவப்பட்ட புனித அன்செல்ம் கல்லூரியில் நடந்த விவாதத்திலோ, உங்கள் தகுதியை ஏற்கும் வாக்காளர்கள்கூட உங்களை விரும்பத் தயங்குகிறார்களே என்று நெறியாளர் கேட்டார். அது என் மனத்தைப் புண்படுத்துகிறது என்று கிளிண்டன் சிரித்தபடி கூறினார். ஆணிடம் தகுதி இருந்தால் போதும். பெண்ணிடம் தகுதியோடு இனிமையும் இருக்க வேண்டும் என்ற எழுதப்படாத சட்டம் அன்று வெளிப்படையாகவே வாசிக்கப்பட்டது எனலாம்.

இதுவரை நம் நெஞ்சில் ஐயம் ஏதுமில்லை. அநீதி எது, அதற்கு ஆளானவர் யார் என்பவை தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் 2020 சனவரி 14ஆம் நாள் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் நடந்த விவாதம் இத்தெளிவைக் கலைத்துவிடுகிறது. நாம் எழுப்ப விரும்பும் அறநெறிக் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அன்று மேடையில் நின்ற அறுவருள் செனட்டர்கள் எலிசபெத் வாரனும் பெர்னி சாண்டர்ஸும் இருந்தனர். 2018 இறுதியில் இருவரும் தனித்துச் சந்தித்தபோது, பெண் ஒருவரால் அதிபர் தேர்தலில் வெல்ல முடியாது என்று சாண்டர்ஸ் கூறியதாக, விவாதத்திற்கு முந்திய நாள் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. அதை வெளியிட்டது விவாதத்தை நடத்திய அதே தொலைக்காட்சி நிறுவனமான சி.என்.என். வாரன் அதனை உறுதி செய்தார், சாண்டர்ஸ் மறுத்தார். அவ்வறையில் மூன்றாமவர் எவரும் இல்லை.

விவாதத்தில் பெண் நெறியாளர் ஒருவர் சாண்டர்ஸை நோக்கி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். தாம் சொல்லவில்லை என்றார் அவர். அப்படியானால் ஒருபோதும் சொல்லவில்லை என்கிறீர்களா என்று நெறியாளர் மீண்டும் தெளிவுபடுத்திக் கேட்க, ஆம் என்றார். உடனே நெறியாளர் வாரன் பக்கம் திரும்பினார். பெண்ணால் வெல்ல முடியாது என்று சாண்டர்ஸ் சொன்னபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதே அவருக்கு விடுக்கப்பட்ட கேள்வி.

ஒரு நொடிக்கு முன் கிடைத்த பதில் எங்கே போயிற்று? சாண்டர்ஸ் பொய் சொல்கிறார் என்று நெறியாளர் கூறவில்லை. கூறியிருந்தால் அதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்திருக்கும். கூறாமலேயே அதைக் கேள்விக்குள் வைத்துத் தைத்துவிட்டார். அவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா, இல்லையா என்பதன்று இங்கே நம் கவலை. தீர்க்கப்படாத ஒரு வழக்கு, தீர்க்கப்பட்டதாகக் காட்டப்பட்டது என்பதே நம் கவலை. செனட்டர் சாண்டர்ஸ் இதை மறுக்கிறார்; உங்கள் நினைவு என்ன என்று வாரனிடம் கேட்டிருந்தால் போதும். கேள்வி சற்றும் மென்மையாகியிருக்காது, நேர்மையாகியிருக்கும்.

இதனால் பெண்குலத்திற்கேனும் நன்மை விளைந்ததா? வாரன் தம் மறுமொழியில் சாண்டர்ஸைத் தம் நண்பர் என்றார். அவரோடு சண்டையிட வரவில்லை என்றார். மேடையில் நிற்கும் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பத்துத் தேர்தல்களில் தோற்றிருக்கிறார்கள், போட்டியிட்ட தேர்தல் ஒவ்வொன்றிலும் வென்றவர்கள் இங்கே நிற்கும் இரு பெண்கள் மட்டுமே என்று சுட்டிக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. ஆயினும் மறுநாள் மக்கள் பேசியது அதைப் பற்றியன்று. விவாதம் முடிந்தபின் இருவரும் ஒருவரையொருவர், என்னைப் பொய்யர் என்றீர்கள் எனக் குற்றஞ்சாட்டியதை ஒலிவாங்கி பதிவு செய்திருந்தது. நீட்டிய கை பற்றப்படாமல் போனதைப் படக்கருவி பதிவு செய்திருந்தது. அவற்றையே பேசினார்கள். பெண்ணால் ஏன் வெல்ல முடியாது என்று இன்னும் பலர் எண்ணுகிறார்கள், அவ்வெண்ணத்தை எவ்வாறு மாற்றுவது என்ற உண்மையான கேள்வி, யார் பொய்யர் என்ற சச்சரவுக்குள் மூழ்கிப் போயிற்று. சாண்டர்ஸின் சொல் மதிக்கப்படவில்லை. வாரனோ, தம் திட்டங்களைச் சொல்ல வேண்டிய நேரத்தில் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும் சாட்சியாக்கப்பட்டார். ஒரே கேள்வி இருவருக்கும் அநீதி இழைத்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதனை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. காலங்காலமாகப் பெண்ணின் சொல்லை நம்ப மறுத்த உலகம் இது. அப்படியிருக்க, ஒருமுறை தராசு அவள் பக்கம் சாய்ந்தால் என்ன குற்றம்? நடுநிலை என்பது வலியவர்கள் தங்களுக்காக எழுப்பிக்கொண்ட மதில் அல்லவா?

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வெறும் சமத்துவம் நீதியாகிவிடாது. 2020 அக்டோபரில் சால்ட் லேக் நகரில் மைக் பென்ஸும் கமலா ஹாரிஸும் விவாதித்தபோது, இருவரும் பேசிய மொத்த நேரம் ஏறத்தாழ 36 நிமிடங்களாகச் சமமாகவே இருந்தது. ஆயினும் தாம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதை ஹாரிஸ் மீண்டும் மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. கடிகாரம் சமமாக ஓடியது. மரியாதை சமமாக ஓடவில்லை. ஆகவே நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதோடு நெறியாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. குறுக்கீட்டைத் தடுப்பதும், அடக்கப்பட்ட குரலுக்கு வழிவிடுவதும் அவர் கடமைகளே. அவற்றைச் செய்வது ஒருதலைச் சார்பு ஆகாது.

கடுமையான கேள்வியும் ஒருதலைச் சார்பு ஆகாது. 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் நடந்த விவாதத்தில், டொனால்ட் டிரம்ப் பெண்களைக் குறித்துப் பயன்படுத்தியிருந்த இழிசொற்களை மேகன் கெல்லி அவர் முன்னிலையிலேயே பட்டியலிட்டு, அதிபருக்குரிய இயல்பு இதுதானா என்று கேட்டார். டிரம்ப் சினந்தார். மறுநாள் பேட்டியொன்றில், பெண்ணின் உடலியல்பை இழித்ததாகப் பலரும் பொருள்கொண்ட சொற்களால் கெல்லியைத் தாக்கினார். தாம் அப்பொருளில் பேசவில்லை என்று பின்னர் மறுத்தார். ஆனால் கெல்லியின் கேள்வி ஊரறிந்த உண்மையின் மீது நின்றது. அயோவாவின் கேள்வியோ இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒன்றின் மீது நின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே நாம் தேடும் எல்லைக்கோடு.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறு நமக்குப் புதிதன்று. மதிப்புமிக்க முதியோர் இருவரின் சொல்லை மன்றம் விசாரணையின்றி ஏற்றது. மாசற்ற பெண்ணுக்குச் சாவு தீர்ப்பாயிற்று. இளைஞர் தானியேல் எழுந்தார். முதியோரிடம் அவர் கடுமையாகவே பேசினார். ஆயினும் ஒருவரையொருவர் கேளாதவாறு பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று அவர் கேட்ட கேள்வி திறந்த கேள்வி. அதற்குரிய பதில் அதற்குள் ஒளிந்திருக்கவில்லை. அப்பெண் காப்பாற்றப்பட்டது தராசை அவள் பக்கம் சாய்த்ததால் அன்று, அதுவரை எவரும் கேட்காத கேள்வியைக் கேட்டதால். நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் சான்றோருக்குத் துலாக்கோலையே உவமை காட்டுகிறார். முதலில் தான் சமமாக நின்று, பின்னரே எடையைக் காட்டும் கருவி அது. பழுதான தராசுக்கு மாற்று, பழுதை நீக்குவதே. மறுதட்டில் விரலை வைத்து அழுத்துவதன்று. அழுத்திய விரல் இன்று நமக்கு வேண்டியவருடையதாக இருக்கலாம். நாளை அது யாருடையதாக இருக்கும் என்று யார் அறிவார்? விரல் பதிந்த தராசின் எடையை எவரும் நம்பமாட்டார்கள்; உண்மையைச் சொல்லும் பெண்ணின் சொல்லும் அதில் எடையிழந்து போகும்.

நம்புவது வேறு, செவிகொடுப்பது வேறு. துன்புற்றேன் என்று சொல்லும் பெண்ணுக்குச் செவிகொடுப்பதும், அவள் சொல்வதை முழுமையாக ஆராய்வதும் நாம் பட்ட கடன். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்டபின் கேளாதவர்போல் நடப்பதோ அக்கடனைத் தீர்க்கும் வழியன்று.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2019 திசம்பர் 19ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லொயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த விவாதத்தின் கடைசிக் கேள்வியை ஒரு பெண் நெறியாளர் எழுவரிடமும் ஒன்றுபோலவே கேட்டார். திருநாள் காலமல்லவா? சக வேட்பாளரிடம் மன்னிப்புக் கேட்பீர்களா, அல்லது அவருக்கு ஒரு பரிசு தருவீர்களா என்பதே கேள்வி. ஆண்கள் ஐவரும் பரிசைப் பற்றிப் பேசினர். சிலர் தாங்கள் எழுதிய நூல்களையே தருவதாகக் கூறினர். வாரனும் ஏமி குளோபுசாரும் மட்டுமே மன்னிப்புக் கேட்டனர். சில வேளைகளில் தாம் மிகுந்த வேகத்தோடு பேசிவிடுவதாக வாரன் சொன்னார்.

இங்கே கேள்வியில் குற்றம் காண இயலாது. சார்பு நெறியாளரிடத்தில் இல்லை. உரத்துப் பேசியதற்குப் பெண் வருந்த வேண்டும், ஆண் வருந்த வேண்டியதில்லை என்று இருசாராருக்கும் சிறுவயது முதல் கற்பித்த வீடுகளிலும் பள்ளிகளிலும் அது இருந்தது. மன்னிப்புக் கேட்பது இழிவன்று. அது உயர்ந்த பண்பே. ஆனால் உயர்ந்த பண்பு எப்போதும் ஒரு பாலாரிடம் மட்டுமே எதிர்பார்க்கப்படுமானால், மறுபாலார் எதை இழந்து நிற்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா?

நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் நெறியாளராக அமரப்போவதில்லை. ஆயினும் இல்லத்திலும் பள்ளியிலும் பங்குப் பேரவையிலும் நாள்தோறும் கேள்வி கேட்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். மகன் தாமதமாக வந்தால் என்ன வேலை இருந்தது என்கிறோம்; மகள் தாமதமாக வந்தால் யாரோடு இருந்தாய் என்கிறோம். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டு முடிக்கும்வரை தீர்ப்பை நிறுத்தி வைக்க நம்மால் இயலுமா? இன்று மாலை பிள்ளைகள் வீடு திரும்பும்போது முயன்று பார்ப்போம்.