வீசாவும் வாய்மையும்

வாசலில் வந்து நிற்கும் அந்நியனை நம்புவதா, ஐயுறுவதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அந்நியனை ஏற்பதும் உண்மை உரைப்பதும் நம் மரபில் ஒருங்கே போற்றப்பட்ட அறங்கள். தற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடமொன்றுண்டு. அது தூதரகத்தின் வீசாப் பிரிவாகும். ஐரோப்பிய நாடொன்றுக்குச் செல்ல விழையும் ஒருவர், தாம் குறித்த காலத்துள் திரும்பிவிடும் எண்ணமுடையவர் என்பதை அங்கு நிறுவுதல் வேண்டும். உள்ளத்திலுள்ள எண்ணத்தைப் பிறர்க்கு நிறுவ இயலுமா? உண்மையைக் கூறுவதனாலேயே ஒருவனுக்கு வாசல் அடைபடுமாயின், அவ்விடத்துக் கூறப்படும் பொய்க்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீசா முறை பலரும் கருதுமளவுக்குத் தொன்மையானதன்று. முதலாம் உலகப் போருக்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியிற் கடவுச்சீட்டின்றியே மக்கள் பயணஞ் செய்தனர். 1914 இல் மூண்ட போர் கடவுச்சீட்டுக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. போர் முடிந்த பின்னரும் அது நீங்கவில்லை. 1920 இல் நாடுகளின் சங்கம் பாரிசிற் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டின் அமைப்பை ஒழுங்குபடுத்த முற்பட்டது. அவசரகாலத்து ஏற்பாடு இவ்வாறு நிரந்தர வழக்காயிற்று. 1985 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லக்சம்பேர்க் நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரில், ஐந்து ஐரோப்பிய நாடுகள் தமக்கிடையேயுள்ள எல்லைச் சோதனைகளை நீக்க உடன்பட்டன. அவ்வுடன்பாடு 1995 இல் நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதனுள் அடங்கும். உள்வாசல்கள் திறக்கப்படவே வெளிவாசலின் காவல் எல்லோர்க்கும் பொதுவான கவலையாயிற்று. செங்கன் உடன்பாட்டிற் சேராத பிரித்தானியாவும் அதே 1985 ஆம் ஆண்டில் இலங்கையர்க்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது அந்நாடு இவ்விதியை விதித்தது அதுவே முதன்முறை. 1983 ஜூலை வன்செயல்களின் பின் அங்கு புகலிடம் நாடிச் சென்ற தமிழரின் வருகையே அதற்குக் காரணமாய் அமைந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

செங்கன் நாடுகளுக்கான குறுங்கால வீசாவை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு வீசாச் சட்டக்கோவை நெறிப்படுத்துகின்றது. 180 நாட்களுள் 90 நாட்களுக்கு மேற்படாது தங்குவதற்கே அது இடமளிப்பது. 2024 ஜூன் முதல் வளர்ந்தோர்க்குரிய கட்டணம் 90 யூரோவாகும். விண்ணப்பம் மறுக்கப்படினும் அது மீளக் கொடுக்கப்படுவதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். இவற்றின் மேலாக, திரும்பும் எண்ணத்துக்குச் சான்றாகத் தொழில், வங்கி இருப்பு, காணி, குடும்பப் பிணைப்பு ஆகியன பற்றிய பத்திரங்கள் வேண்டப்படும். மறுக்கும்போது அச்சிட்ட படிவமொன்று வழங்கப்படுகின்றது. அதிலுள்ள காரணங்களுள் ஒன்று, வீசாக் காலம் முடியுமுன் வெளியேறும் நோக்கம் விண்ணப்பதாரருக்கு உண்டு என்பதில் நியாயமான ஐயம் எழுகின்றது என்பதாகும். அக்காரணத்துக்கு எதிரேயுள்ள கட்டத்தில் ஓர் அடையாளம் இடப்பட்டால் விடயம் முடிந்தது.

இங்கு எழும் முதற் சிக்கல் அறிவுபற்றியது. நாளை யான் செய்யவிருப்பதை இன்று பிறரொருவர் காணுமாறு எடுத்துக் காட்ட எனக்கு வழியில்லை; என் சொல் ஒன்றே அதற்குச் சான்று. சொல்லை ஏற்காதவிடத்து, சொல்லுக்குப் பதிலாக வேறொன்று நிறுக்கப்படுகின்றது. காணியுடையவன் திரும்புவான், காணியற்றவன் திரும்பான் என்னும் கணிப்பே அது. பாரிசிலிருக்கும் மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகச் செல்ல விழையும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவர் கைம்பெண், தொழிலில்லை, வீடு மகன் பெயரில் இருக்கின்றது. மூன்று மாதத்திலே தம் ஊருக்குத் திரும்பிவிட வேண்டுமென்பதே அவர் விருப்பம். ஆயின் அவ்விருப்பத்தைத் தாங்கிநிற்கப் பத்திரம் எதுவும் அவரிடமில்லை. அவர் பொய்யுரைத்தார் என்று எவரும் நிறுவவில்லை. அவரைப் போன்ற நிலையிலுள்ளோர் சிலர் திரும்பவில்லை என்பதே அவருக்கு எதிராக நிற்கின்றது. ஓர் ஊரார் சிலர் களவு செய்தனர் என்பதற்காக அவ்வூரிற் பிறந்த பிறிதொருவனை எந்த நீதிமன்றமும் தண்டிப்பதில்லை. வீசா மறுப்பு தண்டனையன்று எனலாம். எனினும் தம் சொல் நம்பத்தக்கதன்று என்னும் தீர்ப்பு அம்மறுப்பினுள் அடங்கியிருத்தலை மறைத்தல் இயலாது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் உரிய முறையில் நோக்குதல் வேண்டும். தன்னோடு வாழ்வோர் யாவர் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒரு சமுதாயத்துக்கு உண்டென 1983 இல் மைக்கேல் வால்சர் என்னும் அமெரிக்க அறிஞர் வாதித்தார். பிறப்பினால் வாய்க்கும் குடியுரிமை நிலமானிய காலத்துப் பிறப்புச் சலுகையை ஒத்தது, எனவே எல்லைகள் பெரிதும் திறந்திருத்தல் வேண்டும் என 1987 இல் யோசப் கறென்ஸ் எதிர்வாதம் புரிந்தார். இவ்விவாதத்தை ஈண்டு முடித்துவைக்க வேண்டியதில்லை. வாசலை அடைக்கும் உரிமை அரசுக்கு உண்டென்றே கொள்வோம். வீசா அலுவலர்மீது குற்றஞ்சாட்டுவதும் பொருந்தாது. பிறர் உள்ளத்தைக் காணும் கண் அவருக்கும் இல்லை. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விண்ணப்பதாரர் திரும்புவார் என்ற முழுநிச்சயம் தேவையில்லை, நியாயமான ஐயம் இல்லாதிருத்தலே போதும் எனத் தெளிவுபடுத்தியதோடு, ஐயத்தை அளவிடுவதில் அலுவலருக்குப் பரந்த அதிகாரமுண்டு எனவும் ஏற்றது. ஆயினும் வாசலை அடைப்பது வேறு. உண்மையையே தடையாக்கி வாசலில் வைப்பது வேறு. என் விவாதம் பின்னையதைப் பற்றியதே.

இவ்வேறுபாட்டை ஒரு வழக்குத் துலக்கமாகக் காட்டும். 2016 அக்டோபரில், போரினாற் சிதைந்த அலெப்போ நகரைச் சேர்ந்த சிரியக் குடும்பமொன்று, மூன்று பிள்ளைகளுடன், பெய்ரூத்திலுள்ள பெல்ஜியத் தூதரகத்தில் வீசாவுக்கு விண்ணப்பித்தது. அவர்கள் எதனையும் மறைக்கவில்லை. பெல்ஜியம் சென்று புகலிடம் கோருவதே தம் நோக்கம் என வெளிப்படையாகவே கூறினர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தை அடைந்தது. குறுங்கால வீசாவை வேண்டுவோரின் நோக்கம் 90 நாட்களுக்கு மேல் தங்குவதாயின் அவ்விண்ணப்பம் வீசாச் சட்டக்கோவையினுள் அடங்காது. அது அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டத்துக்கு உரியது என 2017 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களை நோக்குமிடத்து இதில் தருக்கப் பிழை காண்பது எளிதன்று. அறத்தின்பாற்பட்டு நோக்குமிடத்தோ நிலைமை விபரீதமானது. அதே குடும்பம் உல்லாசப் பயணிகளென்று பொய் கூறியிருப்பின் அவ்விண்ணப்பம் சட்டக்கோவையின்கீழ்ப் பரிசீலிக்கப்பட்டிருக்கும். உண்மை கூறியமையாலேயே அது அச்சட்டத்தின் புறத்தே தள்ளப்பட்டது.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் இவ்விரு கூறுகளையும் வெவ்வேறு நூல்களில் ஆராய்ந்தவர். 1795 இல் வெளியான நிலையான சமாதானம் பற்றிய நூலில், அந்நியனுக்குப் பிறநாட்டில் நிரந்தர விருந்தாளியாகும் உரிமை இல்லையெனினும் வந்து காணும் உரிமை உண்டென்றார். அவனுக்கு அழிவு நேராதவிடத்து மாத்திரமே அவனைத் திருப்பியனுப்பலாம் என்றும் வரையறுத்தார். ஈராண்டு கழித்து, 1797 இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வாசலில் நிற்பவனிடத்துங்கூடப் பொய்யுரைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்று வாதித்தார். முதற்கூற்றை அரசு கைவிட்டு, இரண்டாம் கூற்றை அந்நியன்மீது மாத்திரம் சுமத்துமாயின் விளைவு யாது? அழிவிலிருந்து தப்பி வருபவன் உண்மை பேசி அழிதல் வேண்டும். வள்ளுவரோ வாய்மையைத் தீமை பயவாத சொல்லென வரையறுத்து, குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். இக்கருத்து, சொல்லை அதன் விளைவோடு சேர்த்தே எடைபோடுவதாற் காண்டின் கடுமையைத் தணிப்பதாயுளது.

சட்டமே இதனை ஓரளவு முன்னுணர்ந்திருந்தது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31 ஆவது உறுப்புரை, உயிராபத்திலிருந்து நேரே வரும் அகதி, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டிக்கப்படலாகாது என்கின்றது. அவன் தாமதியாது அதிகாரிகளிடம் தன்னை வெளிப்படுத்தி, தக்க காரணங் காட்டுதல் வேண்டும் என்பது நிபந்தனை. ஆயின் அவன் அந்நிலத்தை அடைவதற்கு முன்னரே வழிகள் அடைக்கப்பட்டுள்ளன. உரிய பத்திரமற்ற பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனங்கள் அபராதம் செலுத்த வேண்டியிருத்தலால், பயணச்சீட்டைப் பரிசோதிப்பவரே எல்லைக் காவலராகின்றார். விமான நிலையத்தை விட்டு வெளியேறாது வேறு விமானம் மாறுவதற்குங்கூட இடைத்தங்கல் வீசா பெறவேண்டுமென விதிக்கப்பட்ட பன்னிரு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1980களின் முற்பகுதியிற் கிழக்கு பேர்ளினில் வந்திறங்கி மேற்கு பேர்ளினுள் நுழைந்து புகலிடம் கோரிய தமிழர்க்குக் கிட்டியது போன்ற வழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டமையின் தொடர்ச்சியே இது.

அவ்வாறாயின் வீசாவுக்காகக் கூறப்படும் பொய் யாவும் மன்னிக்கத்தக்கனவோ எனின், அன்று. கடன் வாங்கிய பணத்தைச் சில நாள் வங்கியிலிட்டு இருப்புக் காட்டுவோரும், இல்லாத தொழிலுக்குக் கடிதம் பெறுவோரும் நம்மிடையே உளர். வாய்ப்புத் தேடுவதிற் குற்றமில்லை. ஆயின் அவர்களது பொய்யின் விலையைச் செலுத்துபவர் முற்கூறிய தாயைப் போன்றோரே. ஒருவனது பொய் அடுத்து வரும் பத்துப்பேரின் மெய்யை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றது. எனவே மூன்று நிபந்தனைகள் பொருந்துமிடத்தே அப்பொய்யின் பழி நீங்கும் எனலாம். ஆபத்து மெய்யானதாதல் வேண்டும். உண்மை கூறிச் செல்லத்தக்க வாசல் ஒன்றேனும் இல்லாதிருத்தல் வேண்டும். பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் உண்மை வெளிப்படுத்தப்படுதல் வேண்டும். மூன்றாவது நிபந்தனை, மேற்காட்டிய 31 ஆவது உறுப்புரையின் நிபந்தனையோடு ஒத்திருத்தல் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது நிபந்தனையே அரசின் பொறுப்பைச் சுட்டுவது. உண்மைக்கு ஒரு வாசல் திறந்திருக்குமாயின் பொய்க்கு நியாயம் குன்றும். அத்தகைய வாசல் கற்பனையன்று. சுவிற்சர்லாந்து 2012 செப்டெம்பர் வரை வெளிநாடுகளிலுள்ள தன் தூதரகங்களிலேயே புகலிட விண்ணப்பங்களை ஏற்றது. கொழும்பிலுள்ள அதன் தூதரகத்தில், தம் அச்சத்தை அச்சமென்றே எழுதிக் கொடுக்க இலங்கையருக்கு வழியிருந்தது. விண்ணப்பித்தோர் யாவரும் ஏற்கப்பட்டாரல்லர். எனினும் மறுக்கப்பட்டவரும் உண்மை கூறியே மறுக்கப்பட்டனர். அவ்வாசல் அடைபட்டபின் எஞ்சியது, ஒரு சிலருக்கே கிட்டும் மனிதாபிமான வீசா மாத்திரமே. வினாவை அமைப்பவனுக்கு விடையிலும் பங்குண்டு. உண்மை பகர்வோர்க்கு இடமே வைக்காத ஒரு வினாவைத் தொடுத்துவிட்டு, பொய் வந்ததெனப் புலம்புவது அறமாகாது.

இத்தீர்ப்பை ஐரோப்பாவுக்கு மாத்திரம் வழங்கி நாம் அமைதியுறுதல் எளிது. 2024 டிசம்பரில் ரோகிங்கியா அகதிகள் நூற்றுவருக்கு மேற்பட்டோர் பழுதடைந்த படகொன்றில் முல்லைத்தீவுக் கரையை அடைந்தனர். அவர்களிடம் வீசா இல்லை. இலங்கை 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட நாடுமன்று. வாசலின் புறத்தே நின்று பழகிய நாம் அன்று அதன் உட்புறத்தே நின்றோம். பிறநாட்டுத் தூதரகத்தில் நமக்கு வேண்டுமென நாம் கருதும் நம்பிக்கையை, நம் கரையில் வந்திறங்குபவனுக்கு நாம் அளிக்க ஆயத்தமா? அவனது சொல்லைக் கேட்பதற்கு முன்னரே அவனைத் திருப்பியனுப்ப எண்ணுவோமாயின், வீசாப் படிவத்தின் அச்சிட்ட வரியைப் பழிக்கும் தகுதி நமக்கு இல்லை. அந்நியனை ஏற்பதும் மறுப்பதும் பின்னர் வரும் முடிவுகள். அவன் உண்மை கூறுதற்கு ஓர் இடமளித்தல் அவற்றுக்கு முற்பட்ட கடமையாகும்.