மணிவிழாவுக்கு மறுநாள்

அறுபது ஆண்டு நிறைகிறது. பந்தல் எழுகிறது, நாயனம் முழங்குகிறது, நரைத்த தலைகளிலே குடம் குடமாய் நீர் கொட்டப்படுகிறது. பேரனும் பேத்தியும் கைகொட்டிச் சிரிக்க, முன்னரே தாலி ஏறிய கழுத்திலே மீண்டும் ஒரு தாலி ஏறுகிறது. மணிவிழா என்கிறோம் நாம். சாந்தி என்பர் செட்டிநாட்டார். திருக்கடையூருக்கே சென்று நடத்தி வருவோரும் உண்டு. விருந்து முடிகிறது. வந்தவர் கலைகின்றனர். மறுநாள் பொழுது விடிகிறது.

அந்த மறுநாளைப் பற்றியே, தோழர்களே, இந்தக் கட்டுரை. இரண்டாம் முறையாக மணம் முடித்து வைத்தோமே, அந்த மணமக்கள் எங்கே வாழப் போகிறார்கள்? எவ்வாறு வாழப் போகிறார்கள்? முதல் மணத்தின்போது ஊரே கூடி வழி சொல்லிற்று. இரண்டாம் மணத்துக்கு வழி சொல்வார் எவருமில்லை. "திண்ணை இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, பேரப்பிள்ளை இருக்கிறது, போதாதா?" என்று கேட்டுவிட்டுப் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். முதுமை என்பது முடிவை எதிர்நோக்கி உட்கார்ந்திருக்கும் திண்ணைதானா? அல்லது அதுவும் வாழ்ந்து பார்க்க வேண்டிய ஒரு பருவமா?

பழைய விடை ஒன்று உண்டு. தோலிலே சுருக்கமும் தலையிலே நரையும் தோன்றி, மகனுக்கு மகனும் பிறந்துவிட்டால், இல்லறத்தான் காட்டுக்குப் போகட்டும் என்றார் மனு. அவன் மனைவி? பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அல்லது உடன் அழைத்துக்கொண்டு போகலாம். இரண்டில் எது என்று அவளைக் கேட்க வேண்டும் என்ற சொல் அந்த விதியிலே இல்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை மகனிடம் கொடுப்பதுபோல் மனைவியையும் கொடுத்துவிட்டுப் போகலாமாம்! இன்று காடு குறைந்துவிட்டது. காசியும் இராமேசுவரமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கருத்து மட்டும் மாறவில்லை. முதியவர் ஒதுங்க வேண்டியவர். முதியவள் ஒப்படைக்கப்பட வேண்டியவள்.

வேறொரு விடையை வேறொரு கடலிலே காண்கிறோம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது மத்தியதரைக் கடல். அலுவலிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவியர் பலர், குடியிருந்த வீட்டை விற்று, ஒரு பாய்மரப் படகை வாங்கி, அந்தக் கடலையே முகவரியாக்கிக்கொள்கின்றனர். இரண்டு ஒல்லியான உடல்களை அகன்ற மேல்தளம் ஒன்று இணைக்கும் படகு அது; ஒற்றை உடற் படகைப்போல் காற்றுக்குச் சாய்ந்துவிடாது. அதிலே அடுப்பும் உண்டு, கட்டிலும் உண்டு. கூரையிலே கதிரொளித் தகடுகள் மின்சாரம் தரும். பொறியொன்று உப்புநீரைக் குடிநீராக்கும். வேனிலிலே கிரேக்கத் தீவுகள், துருக்கியக் கரைகள். புயல் மிகுந்த குளிர்காலத்திலே ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டிப் போட்ட படகு. ஏஜியன் கடலில் கோடையிலே வடகாற்று நாள்கணக்கில் சீறும். அது அடங்கும் வரை ஒரு குடாவிலே நங்கூரம் பாய்ச்சிக் காத்திருப்பார்கள். காற்று அவர்களுக்கு எசமானன். மற்றோர் எசமானன் அவர்களுக்கு இல்லை.

அந்தப் படகின் பெயர் என்ன தெரியுமா? காட்டமரான்! நம் கட்டுமரம்தான், தோழர்களே! சோழமண்டலக் கரையிலே மக்கள் வழங்கிய சொல்லை 1697இல் வெளிவந்த தன் பயண நூலிலே எழுதி வைத்தான் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி. அச்சொல் பிறகு உலகெல்லாம் ஓடிற்று. இன்றைய இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவினர் கண்டது; நம்முடையதோ மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. உருவம் அவர்கள் தந்தது. பெயர் நாம் தந்தது. பெயர் தந்த நாம், கணவனும் மனைவியும் சேர்ந்து கடலேறும் வாழ்வை எங்கே தவறவிட்டோம்?

கடலறியாதவரல்லர் நாம். காரைக்குடியைச் சுற்றிலும், தேவகோட்டையிலும், கானாடுகாத்தானிலும் எழுந்து நிற்கும் மாளிகைகளைக் கேளுங்கள். கடல் தாண்டுவது சாதியை இழக்கச் செய்யும் பாவம் என்று போதாயனரின் தருமசூத்திரம் சொல்லிற்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் அதற்கு அஞ்சி வீட்டிலே இருந்துவிடவில்லை. பர்மாவுக்குச் சென்றனர், மலாயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் சென்றனர். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பினான். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்சியக் கண்ணாடியும் அவர்கள் பின்னே வந்தன. முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாம் கட்டுமாக வீடுகள் தெருவுக்குத் தெரு நீண்டன.

ஆனால் கப்பலிலே ஏறியவர் யார்? ஆண்! கரையிலே நின்றவர் யார்? ஆச்சி! கடற்பயணம் பெண்ணோடு செல்வதில்லை என்று தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் பதிந்து வைத்த வழக்கம், ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் பெரும்பாலும் அப்படியே நின்றது. கடல் தாண்டாதே என்ற விதியைக் காசுக்காக மீறியவர்கள், பெண்ணை அழைத்துச் செல்லாதே என்ற வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் காத்தார்கள்!

கணக்கில் வல்லவர்கள் நகரத்தார். அவர்களிடமே ஒரு கணக்கு வைப்போம். கொண்டுவிற்கப் போனவர் அங்கே இருக்கும் தவணை வழக்கமாக மூன்றாண்டு. திரும்பி வந்து ஊரிலே ஓராண்டு முழுதாகத் தங்கினார் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். இருபத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் ஏழு தவணை. இருபத்தோராண்டு கடலுக்கு அப்பால், ஏழாண்டு வீட்டிலே. பேரேட்டிலே வட்டி ஏறிற்று. வாழ்வேட்டிலே எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு? குடும்பத்தை நடத்தியவள் அவள். பிள்ளைகளை வளர்த்தவள் அவள். பெட்டகச் சாவி, பாத்திரக் கணக்கு, சீர்வரிசைக் கணக்கு எல்லாம் அவள் கையில். கடிதமும் அவளுக்கு வந்தது. அவர் மட்டும் வரவில்லை!

அந்த மாளிகைகளிலே இன்று நடப்பது என்ன? பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில விடுதிகளாயின. சில பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் தட்டுமுட்டுமாகக் காரைக்குடிக் கடைகளிலே விலை போகின்றன. இந்த ஊர்த்தொகுதியை 2014இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் சேர்த்தார்கள். திருமணத்துக்கும் சாந்திக்கும் திறக்கும் கதவுகள் விழா முடிந்ததும் மூடுகின்றன. எஞ்சியிருக்கும் முதிய இருவர் பெரிய வளவின் ஒரு மூலையிலே இரண்டு அறையில் வாழ்கின்றனர். வீட்டை விற்றுக் கடலில் வாழ்கிறார்கள் அங்கே. கடலில் வாழ்வை விற்று வீட்டைக் கட்டினார்கள் இங்கே.

இதைக் கூறும்போது அந்த நாட்டின் நல்லறிவு ஒன்றையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. மணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒரே வீடுதான், ஒரே வளவுதான். ஆனால் அடுப்பு வேறு, கணக்கு வேறு. ஒவ்வொரு இணையும் தனி 'புள்ளி'. பெற்றோர் ஓர் அடுப்பிலே, மகனும் மருமகளும் மற்றோர் அடுப்பிலே சமைப்பது அங்கே சண்டையின் அடையாளமன்று. கணவனும் மனைவியும் தம்மளவில் முழுமையான ஒரு குடும்பம். அவர்கள் எவருக்கும் தொங்குசதையல்லர் என்ற தெளிவு அது. மற்ற ஊரார் இதைக் கல்நெஞ்சம் என்று எண்ணக்கூடும். நான் இதை அறிவு என்கிறேன். மத்தியதரைக் கடலிலே மிதப்பது வேறென்ன? வேறு வைத்த ஓர் அடுப்புத்தானே! தனி அடுப்பைத் தந்த சமூகம், அதன் முன்னே இருவரும் சேர்ந்து அமரும் ஆண்டுகளைத் தராமல் போயிற்று. குறை அங்கேதான்.

"பெற்றோர் கடலிலே சுற்றினால் பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். பேரனைக் கொஞ்சுவது இன்பம். அதைக் கூலியில்லா வேலையாக்கி, ஒரு மூதாட்டியின் எஞ்சிய ஆண்டுகளை எழுதி வாங்கிக்கொள்வது நீதியா? "ஆபத்தாயிற்றே! கடல் நடுவே மாரடைத்தால் மருத்துவர் எங்கே?" என்பர். உண்மை, மறுப்பதற்கில்லை. அந்த ஆபத்தை அறிந்து தேர்ந்தவர்கள் அவர்கள். தேர்வு அவர்களுடையதாக இருக்கும் வரை, அவர்களைத் தடுக்கும் உரிமை நம்முடையதன்று.

மூன்றாவது கேள்விதான் கூர்மையானது. "இது பணக்காரர் கேளிக்கை அல்லவா?" ஆம். அத்தகைய புதுப் படகு கோடிக்கணக்கான ரூபாய் விலை. அதே மத்தியதரைக் கடலிலே, 2014 முதல் 25,000க்கு மேற்பட்ட ஏதிலிகள் கரை தேடி மாண்டிருக்கிறார்கள் அல்லது மறைந்திருக்கிறார்கள். ஒருவருக்கு உல்லாசப் பாதை, மற்றவருக்கு இடுகாடு. செட்டிநாட்டு மாளிகைக்கும் இதே கேள்வி உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. விலை வீழ்ச்சியில் உழவர்கள் கடனடைக்க இயலாமல் நிலத்தை இழக்க, 1937இல் அது 25 பங்காயிற்று. 1942இல் சப்பானியப் படை வந்தது; பின்னர் நாட்டுடைமைச் சட்டங்கள் வந்தன; நிலமும் போயிற்று. தேக்குத் தூணின் பளபளப்பிலே பர்மிய உழவனின் வியர்வையும் இருக்கிறது. கட்டுமரத்துக்குப் பெயர் தந்த நம் மீனவனுக்கோ ஓய்வு என்ற சொல்லே இல்லை. கை ஓயும் வரை கடல்.

ஆகவே அந்தப் படகுக்காரர்களை வெறுக்கலாமா? வேண்டா. அவர்கள் இன்பமாக இருப்பது குற்றமன்று; மற்றவர்க்கு அது எட்டாமலிருப்பதே குற்றம். தமிழகத்திலே முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கிற்று. 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரிசிக்கு அது உதவும். ஓர் ஊர் பார்த்து வருவதற்கு உதவுமா? முதியவர்க்குச் சோறு மட்டுமே போதும் என்று எண்ணும் வரையில், நாமும் திண்ணைத் தத்துவக்காரர்களே.

அந்தப் படகிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. இருவரே உள்ள கலத்தில், கணவன் தவறிக் கடலில் விழுந்தால் படகைத் திருப்பி அவனை மீட்கத் தெரிந்தவள் மனைவியாக இருக்க வேண்டும். பாய் இறக்கவும் சுக்கான் பிடிக்கவும் காற்றை அறியவும் அவளுக்குத் தெரியாவிடில், இருவர் உயிரும் போகும். இரவிலே ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்க வேண்டும். உறங்குபவர் உயிர் விழித்திருப்பவர் கையில். அங்கே ஆணுக்குத் தனி அறிவு, பெண்ணுக்குத் தனி அறியாமை என்று பங்கு வைக்க முடியாது. மேடையிலே நாம் பேசும் சமத்துவத்தை, கடல் கண்டிப்பாகக் கேட்டு வாங்குகிறது!

பெண்ணால் ஆகுமா என்ற ஐயம் இனி எவருக்கும் வேண்டா. 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரக் கலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் இருவர் புறப்பட்டனர்: கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. 25,000க்கு மேற்பட்ட கடல்மைல் உலகைச் சுற்றி, 2025 மே 29இல் திரும்பினர். பெண்ணோடு கடற்பயணம் இல்லை என்ற பழைய வழக்கத்தின்மீது அந்தக் கலம் பாய் விரித்து ஓடிற்று.

எல்லாரும் படகு வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. மணிவிழாவுக்கு நாள் குறிக்கும் இளைஞர்களே! புரோகிதரைக் கேட்கிறீர்கள், சமையற்காரரைக் கேட்கிறீர்கள், சாதகத்தையும் கேட்கிறீர்கள். கலசத்துக்கும் கற்பூரத்துக்கும் ஒதுக்கிய தொகையைக் கையிலே வைத்துக்கொண்டு, இதுவரை எவரும் கேளாத ஒருவரைக் கேளுங்கள். நாற்பதாண்டு பிறர் பசிக்கெல்லாம் விடை சொன்ன அவரிடம் சென்று, "அம்மா, நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள்? யாரோடு? எவ்வளவு நாள்?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார், "எனக்கென்ன ஆசை" என்பார். மீண்டும் கேளுங்கள். அவர் சொல்லும் ஊர் மத்தியதரைக் கடலாக இராது. தனுஷ்கோடியாக இருக்கலாம், பினாங்காக இருக்கலாம், தன் கணவர் இளமையைக் கழித்த இரங்கூனாகவும் இருக்கலாம். எதுவாயினும், அந்த விடையிலிருந்து தொடங்கட்டும் இரண்டாம் மணவாழ்வு!